அலசியம்மாவின் குரல்

வெள்ளவத்தைச் சந்தையில் அன்ரிக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வாங்குவது சங்கடமான காரியம். வெண்டிக்காய் விற்பவன் "எண்ட நோனா, லாபாய், லாபாய்!" என்று சிங்களத்தில் கூவுவான், வாங்கம்மா, மலிவு, மலிவு என்று. அவனுடைய தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு. கடைசி எழுத்தை மூக்கால் இழுப்பான். இவர் பையை இறக்கி வைத்துவிட்டு, அதே கரகரப்போடு, அதே மூக்கால், "லாபத மல்லி, லாபத?" என்று, மலிவா தம்பி என்று, திருப்பிக் கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு பிடி பச்சைமிளகாயைச் சும்மா அள்ளிப் போடுவான். ஆனால் நாங்கள் அப்பால் நகர்ந்த பிறகு, அடுத்த ஆளைக் கூவுமுன் அவன் ஒரு கணம் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தன் குரல் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பவன்போல.

அவரை நாங்கள் அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வானொலி நாடகங்களில் நடித்து, கணவர் காலமான பிறகு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஜப்பானியக் காட்டூன் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவருடைய வேலை. அந்தக் குரல்கள் பேசவேண்டிய தமிழை எழுதுவது என்னுடைய வேலை.

பட்டுப்போன பெரிய மரமொன்றின் பொந்துகளுக்குள் ஒரு கிராமம். அதில் பாண் சுடும் முயல், கண்ணாடி போட்ட முள்ளெலித் தாத்தா, எந்நேரமும் அழும் நீர்நாய்க் குட்டி. எல்லாவற்றுக்கும் தலை பெரிது, கை சின்னது, கண் சட்டைப் பொத்தான்போல. அந்தக் கிராமத்தில் யாரும் சாவதில்லை. நடக்கக்கூடிய ஆகப்பெரிய துன்பம் ஜாம் முடிந்துபோவதுதான். மிருகங்களின் வாய் திறந்து மூடும், அவ்வளவுதான். மனித வாய்க்குப் பார்ப்பதுபோல உதட்டசைவு பார்க்கத் தேவையில்லை. யாருடைய பேச்சையும் அதற்குள் வைக்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதை யாரிடமும் சொல்ல நான் தயங்கியதில்லை. மட்டக்குளியில் வீடு, கொட்டாஞ்சேனையில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், பிறகு களனியில் பல்கலைக்கழகம். நான் எழுதிய முதல் பகுதியை அன்ரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்.

"பிள்ளை, உம்மட தமிழ் நல்ல சுத்தம். ஆனா இது முயல் கதைக்கிற தமிழ் இல்லை. சமயபாடப் புத்தகம் கதைக்கிற தமிழ்."

"எந்த முயல் அன்ரி தமிழ் பேசுது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வந்திட்டுது பாருங்கோ, கொட்டாஞ்சேனை வாய்!" என்றார் தயாரிப்பாளரிடம். அடுத்த கணம் ஒலிவாங்கியின் முன் போய் நின்று, "எந்த முயல் தமிழ் பேசுது?" என்று கேட்டார். குரல் என்னுடையது. கேள்வியின் முடிவில் நாடியைத் தூக்குவது உட்பட. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் ஸ்டூடியோ, காலி வீதியின் சந்தடியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கும். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அன்ரி சரசரக்கும் என்று பட்டுச்சேலை கட்டமாட்டார். வந்தவுடன் காப்புகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். இவ்வளவு கவனம் எடுத்தும் கரையோர ரயிலை ஒன்றும் செய்ய முடியாது. தூரத்தில் சத்தம் கேட்டதும் தயாரிப்பாளர் கையைத் தூக்குவார். முயல் பாதி வசனத்தில் நிற்கும். ரயில் போய் முடியும்வரை நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்போம்.

அந்த இடைவேளைகள்தான் அன்ரியின் அறுவடைக் காலம். யார் எதைச் சொன்னாலும் அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். இப்படி ஒருவர் நம்மைக் கேட்பது அபூர்வம். கதைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அவர் கேட்டது நாம் சொன்ன விஷயத்தை அல்ல என்பது எனக்கு விளங்க நாளாயிற்று.

கீழே காவலிருந்த ஐயா ஒருவர். பேசத் தொடங்குமுன் இருமி, இருமலை முடிக்காமலே முதற்சொல்லைச் சொல்லிவிடுவார். அந்த இருமல் முள்ளெலித் தாத்தாவுக்குப் போயிற்று. நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுங்கைக்குள் வரும் முச்சக்கரவண்டிக்காரர்களையெல்லாம் நிறுத்தி, "நம்மட இருமல் டீவியில போகுது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்ரிக்குத் தினமும் கதவைத் திறந்துவிட்டு, இருமி, சிரிப்பார். அன்ரியும் அதேபோல் இருமிவிட்டு மேலே ஏறுவார். அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

அவருடைய ஃபிளாட்டுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒருவர் இறந்துபோனார். அன்ரியோடு நானும் செத்த வீட்டுக்குப் போனேன். இறந்தவரின் மகள் என் வயதுப் பெண். அவள் பெரிதாக ஓலமிடவில்லை. மூச்சை விட்டு விட்டு உள்ளே இழுத்தாள். பிறகு, கதவிடுக்கில் காற்றுப் போவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. அன்ரி அவளைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தலையைச் சற்றுச் சாய்த்திருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

அந்த வாரம் நீர்நாய்க் குட்டி தன் பலூனைத் தவறவிட்டது. அன்ரி ஒலிவாங்கியின் முன் நின்று அழுதார். மூச்சு விட்டு விட்டு உள்ளே போயிற்று. கதவிடுக்கில் காற்றுப் போயிற்று. "அடடா, அடடா!" என்று தயாரிப்பாளர் கைதட்டினார். அந்தப் பெண் வீட்டில் அப்போது முப்பத்தோராம் நாள் கிரியைகூட முடிந்திருக்கவில்லை.

"அன்ரி, இது அவட அழுகைதானே?" என்று கேட்டேன்.

"ஓம். வடிவா இருந்ததே?" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோனவரும் அவர்தான். கனடாவிலிருந்து மகன் கூப்பிடும்போது அவர் கதைப்பதையும் கேட்டிருக்கிறேன். "அம்மா, தனியா இருக்க ஒரு மாதிரி இல்லையா?" என்று அவன் கேட்டால், முயலின் குரலில், "நான் சுட்டுவைச்ச பாண் எல்லாம் இருக்கே, எனக்கென்ன தனிமை!" என்பார். அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். தொலைபேசியை வைத்தபின் அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி.

என் அம்மா நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். கூட்டிவந்தேன். அம்மா மட்டக்குளியில் இறால் உரிக்கும் இடமொன்றில் வேலை செய்பவர். அங்கே தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி அவருடைய குரல் உடைந்து, தடித்துப்போயிருந்தது. எதையும் இரண்டு தடவை சொல்வார். இரண்டுக்கும் நடுவில் விக்கலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சிறு சத்தம் வரும். கோயிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு, இறால் மணம் போக எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டு, பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

அன்ரி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முயலாகப் பேசிக் காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ரயில் வந்தது. தயாரிப்பாளர் கையைத் தூக்கினார்.

"உங்கட மகள் நல்ல கெட்டிக்காரி," என்றார் அன்ரி. "எப்பிடிப் படிக்க வைச்சனீங்கள்?"

அம்மா அந்தக் கதையைச் சொன்னார். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சொத்து அந்தக் கதைதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளில், கேட்ட பத்திரம் ஒன்றும் அம்மாவிடம் இல்லை. எழுத வாசிக்கவும் தெரியாது. வேலை இடத்திலிருந்து நேரே போனதால் சேலையெல்லாம் ஈரம். அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"நான் அந்த சிஸ்டர்கிட்ட சொன்னேங்க, நான் வெளியிலயே நிக்கிறேன் சிஸ்டர், வெளியிலயே நிக்கிறேன். பிள்ளைய மட்டும் உள்ளுக்கு எடுங்க, உள்ளுக்கு எடுங்க. மத்தியானம் வரைக்கும் அதையேதான் சொன்னேன். அவங்களுக்கே தலைவலி வந்திருக்கும்!" அந்தச் சிறு சத்தத்தோடு அம்மா சிரித்தார். "கடைசியா எடுத்துட்டாங்க."

அன்ரியின் கண்கள் மூடியிருந்தன. ரயில் போய் முடிந்திருந்தது. தயாரிப்பாளரும் கையை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "அந்த நோனா எவ்வளவு நல்லவங்க மகள். நம்மள யாரு இப்படி உக்கார வச்சுக் கேப்பாங்க?" என்றார்.

காட்டூனில் புதிதாக ஒரு பாத்திரம் வந்தது. முகமூடி போட்டதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள ஒரு ரக்கூன். கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் அலசி அலசித்தான் தின்னும், கையை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் இல்லாத மிருகம் என்பதால் அதற்கு அலசியம்மா என்று பெயர் வைத்தோம். முயல் நடத்தும் பாட்டு வகுப்புக்குத் தன் குட்டியைக் கொண்டுவரும். ஈரம் சொட்டுகிறது என்று மற்ற மிருகங்கள் வாசலில் மறிக்கும். 'தயவுசெய்து என் குழந்தையையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதியிருந்தேன்.

அன்ரி தாளைப் பார்க்கவில்லை.

"நான் வெளியிலயே நிக்கிறேன் டீச்சர், வெளியிலயே நிக்கிறேன். பிள்ளைய மட்டும் உள்ளுக்கு எடுங்க, உள்ளுக்கு எடுங்க!"

உடைந்த, தடித்த குரல். நடுவில் அந்தச் சத்தம். திரையில் ரக்கூன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் சிரித்த சிரிப்பில் காதிலிருந்த ஹெட்ஃபோன் கழன்று விழுந்தது.

"அன்ரி, இது எழுத்தில இல்ல," என்றேன்.

"எழுத்தில இல்லாததுதான் பிள்ளை உயிர்."

"அது எங்க அம்மாட குரல். அம்மாட கதை. மாத்துங்க."

"ஏன் முகத்தை நீட்டுறீர்? நான் என்ன களவே எடுத்தனான்? உம்மட அம்மாவிட்ட இருந்து ஏதும் குறைஞ்சு போச்சுதே?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "குரலுக்கு ஆரும் காணி மாதிரி உறுதி முடிச்சு வைச்சிருக்கினமே?"

"அம்மா வாசல்ல நின்டு கெஞ்சினத ஆக்கள் பாத்துச் சிரிக்கப்போறாங்க."

"சிரிக்கிறது ரக்கூனைப் பாத்து. அதுவும் பாசத்திலதான்."

தயாரிப்பாளர் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டார். "தங்கச்சி, சின்னப் பிள்ளைகள் பாக்கிற காட்டூன் இது. இதுக்குள்ள வந்து யாரு உங்கட அம்மாவத் தேடப்போறாங்க? போகட்டும் விடுங்க."

விடவில்லை. மறுநாளும் கேட்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லிப்பார்த்தேன். பெயரை எடுக்கலாம், குரலை எடுக்கமுடியாது, இவ்வளவு நல்ல பதிவு இதுவரை வந்ததில்லை என்றார்கள். கடைசியில் பெயரையும் எடுக்கவில்லை.

அம்மா அந்தக் காட்டூனை ஒருநாளும் தவறவிட்டதில்லை. முடிவில் பெயர்கள் ஓடும்போது என் பெயரை அடையாளம் கண்டுபிடிப்பார். வாசிக்கத் தெரியாதென்றாலும் அதன் உருவம் அவருக்குத் தெரியும். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் சின்னப் பிள்ளைகளையெல்லாம் பாயில் இருத்தி, "இந்தா, இந்தா, மகளோட பேரு!" என்று காட்டுவார்.

அன்றைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். நான் முன்கூட்டியே சொல்ல நினைத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியுமுன் பாட்டு வகுப்பு வந்துவிட்டது. அம்மா வேலை முடிந்து வந்து, எலுமிச்சம்பழத் துண்டால் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். திரையில் அலசியம்மா கையைத் தேய்த்துக்கொண்டு, வெளியிலேயே நிற்கிறேன் என்றாள். எல்லோருக்கும் முதல் சிரித்தது அம்மாதான்.

"இவளப் பாரு, இவளப் பாரு! நம்ம பக்கத்து ஆளு மாதிரியே!"

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டிராதவருக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுச் சின்னப்பெண்ணுக்குத் தெரிந்தது. அவள் திரையைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"மாமி, இது நீங்க!"

பிள்ளைகள் பாயில் உருண்டு சிரித்தார்கள். "அலசியம்மா! அலசியம்மா!" அம்மாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்சநேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத் துண்டைக் கீழே வைத்தார். பிள்ளைகள் போனபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் அன்னைக்கு அந்த நோனாகிட்ட ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா மகள்?"

இல்லை என்றேன். அன்ரி செய்ததைச் சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

அந்த வசனம் ஊரெல்லாம் பரவியது. ஃபோனில் வெட்டி வெட்டி அனுப்பினார்கள். நெரிசலான பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கும் பள்ளிக்கூடப் பெடியன்கள் "உள்ளுக்கு எடுங்க, உள்ளுக்கு எடுங்க" என்று கத்துவார்கள். வெள்ளவத்தை டியூசன் வகுப்பு வாசல்களில் அதைக் கேட்டேன். அழகாக உடுத்திய பெண்பிள்ளைகள் அந்த விக்கல் சிரிப்பையும் சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் தொடர்மாடியிலும் சொன்னார்கள், இறால் உரிக்கும் இடத்திலும் சொன்னார்கள். யாரும் பகையால் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் தட்டுவார்களாம்.

அம்மா முதலில் குரலைத் தாழ்த்தினார். பிறகு எதையும் ஒருதடவை மட்டும் சொல்லத் தொடங்கினார். சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வார். வீட்டில் சத்தமில்லை. வேலை முடிந்து வாசலில் ஏறும்போதே "மகள், சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கக் கேட்பவர், இப்போது பேசாமல் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

அடையாள அட்டை அலுவலாகக் கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தது. இப்படியான இடங்களில் அம்மாவின் திறமையைக் கேட்கவேண்டாம். சிங்களமும் தமிழும் கலந்து, "மாத்தயா, மாத்தயா" என்று தொடங்கினால் காரியம் முடியாமல் வெளியே வரமாட்டார். படித்தவள் நான் இருக்கிறேனே என்றால், "நீ படிச்சத நீ பேசு, என் வேலைய நான் பேசிக்குவேன்" என்பார். அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் நான் என் பெருமையைப் பழகிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. "நம மொகக்த?" என்று கேட்டார்கள். பெயர் என்ன என்றுதான். அம்மா வாயைத் திறக்கவில்லை. என் கையை மெல்லப் பிடித்து முன்னால் தள்ளினார். அவருடைய பெயரை நான் சொன்னேன்.

அன்றைக்கே வெள்ளவத்தைக்குப் போனேன். அன்ரி பதிவு முடித்துக் காப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். பஸ்ஸில் கத்துவதை, வேலையிடத்தில் தோளில் தட்டுவதை, வீட்டில் சத்தமில்லாததை, அம்மா தன் பெயரைக்கூடச் சொல்லாததை. கத்தாமல் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். அப்படியே சொன்னேன்.

அன்ரிக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்:

"கோவப்படாத மகள், கோவப்படாத. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல்ல. நீ சாப்பிட்டியா, சாப்பிட்டியா?"

இந்த வார்த்தைகளை அம்மா அவர் முன்னால் பேசியதே இல்லை. ஆனாலும் அது அம்மா. உடைந்த, தடித்த குரலில், நடுவில் அந்தச் சத்தத்தோடு, எங்கள் வீட்டு வாசலில் ஏறிவரும் அம்மா. எத்தனை நாளாகக் கேட்காத குரல் அது.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

என் தலையிலிருந்த கை நின்றது. அன்ரியின் முகம் மெல்ல மலர்ந்தது. கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

"பாத்தீரே?" என்றார். "நீரே ஏமாந்திட்டீர்."